மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா: எந்த அலுவலகத்துக்கு என்ன கடமை, அதைச் செய்ய வைப்பது எப்படி?

ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளிலிருந்து கடல் பாதுகாப்பு பற்றிப் போகும் மனுக்கள் பலவற்றுக்கு வரும் பதில் ஒரே மாதிரி இருக்கும்: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." வனத்துறை மீன்வளத்துறையைக் கைகாட்டும். மீன்வளத்துறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டும். வாரியமோ அது உள்ளாட்சியின் வேலை என்று எழுதும். இதற்கு அதிகாரிகளின் மெத்தனம் மட்டும் காரணமில்லை. கடலுக்கு ஒரே பொறுப்பாளர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடமைகள் பிரிவு பிரிவாக, அலுவலகம் அலுவலகமாகச் சிதறிக் கிடக்கின்றன. "கடலைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இந்தப் பிரிவின்படி இந்த வேலை உங்களுடையது, இந்தத் தேதிக்குள் செய்யுங்கள்" என்று எழுதினால்தான் கோப்பு நகரும்.

மீனவர் சங்கங்கள், பாசி எடுக்கும் பெண்கள் குழுக்கள், ஊராட்சிகள், சட்ட மாணவர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. படிகளை வரிசையாகவே பின்பற்றுங்கள். முதல் படியைத் தாவியவர்கள்தான் கடைசிப் படியில் தோற்கிறார்கள்.

படி 1: சம்பவம் நடந்தது எந்தக் கடல்?

மன்னார் வளைகுடா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகள் உண்டு. உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர், 1989-இல் அறிவிக்கப்பட்டது. அதன் உள்கருவாக இருப்பது கடல் தேசியப் பூங்கா, 560 சதுர கிலோமீட்டர். 1986-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 35-ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கை வந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் இதில் அடக்கம். மண்டபம் குழுவில் 7, கீழக்கரைக் குழுவில் 7, வேம்பார் குழுவில் 3, தூத்துக்குடிக் குழுவில் 4 தீவுகள். இவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பார்களை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அது யுனெஸ்கோவின் திட்டத்தை ஒட்டிய ஏற்பாடு. "காப்பகத்துக்குள் விதிமீறல்" என்று மனு எழுதினால் எந்த அதிகாரிக்கும் அது குற்றமாகாது. 560 சதுர கிலோமீட்டருக்குள் நடந்ததா என்பதுதான் கேள்வி. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம் பெற்றதும் அப்படித்தான்: வாதத்துக்கு வலுச் சேர்க்கும், குற்றப்பிரிவாக நிற்காது.

அடுத்த சிக்கல், பூங்காவின் எல்லை ஆழத்தைக் கொண்டு வரையப்பட்டது. தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கம் 3½ பாகம் ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் 5 பாகம் ஆழம் வரை. ஒரு பாகம் 6 அடி. ஆக உள்பக்கம் ஏறத்தாழ 6.4 மீட்டர், வெளிப்பக்கம் 9.1 மீட்டர். தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது. எனவே இடத்தைப் பதியும்போது ஜிபிஎஸ் புள்ளியோடு ஆழத்தையும் பதியுங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிறே போதும். இந்தப் பகுதியில் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் எல்லைக்கு அருகில் அதுவும் கணக்காகும். வெள்ளமா (ஏற்றம்) வற்றா (இறக்கம்) என்று நேரத்தோடு எழுதிவையுங்கள்.

ஜிபிஎஸ் எண்ணை எழுதுவதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. படகில் உள்ள கருவி பெரும்பாலும் டிகிரியும் மினிட்டுமாகக் காட்டும்: 9 டிகிரி 12.345 மினிட் வடக்கு. அதை 9.12345 என்று தட்டச்சு செய்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு 9 டிகிரி 7.407 மினிட் என்று பொருள். வித்தியாசம் கிட்டத்தட்ட 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டர். பூங்காவுக்குள் நடந்த சம்பவம் காகிதத்தில் நடுக்கடலுக்குப் போய்விடும். கருவியின் திரையை அப்படியே படம் எடுத்து இணைப்பதே பாதுகாப்பு.

எல்லை அறிவிக்கைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமையில் முதலிலேயே வாங்குங்கள். 35(1)-இன் கீழ் வரும் உத்தேச அறிவிக்கை வேறு, உரிமைகளைத் தீர்வு செய்தபின் 35(4)-இன் கீழ் வரும் இறுதி அறிவிக்கை வேறு. இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

படி 2: யாருக்கு எந்தக் கடமை?

வனத்துறை. பூங்காவின் கட்டுப்பாடும் நிர்வாகமும் பராமரிப்பும் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 35(8) அதைத் தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டத்தின்படிதான் அவர் நிர்வகிக்க வேண்டும். எனவே அந்தத் திட்டத்தில் "ரோந்து" என்று எழுதியிருந்தால் ரோந்து போவது அவர் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. களத்தில் அவருக்காகச் செயல்படுபவர் ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர், அவருக்குக் கீழே வனச்சரக அலுவலர்கள்.

உங்கள் கையில் உள்ள கூர்மையான பிரிவு 35(6). பூங்காவுக்குள் எந்த வன உயிரினத்தையும் அழிக்கவோ சுரண்டவோ அகற்றவோ கூடாது. எந்தச் செயலாலும் வாழிடத்தைச் சேதப்படுத்தக் கூடாது. வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கும் சிறந்த நிர்வாகத்துக்கும் தேவை என்றால் மட்டுமே அனுமதி தரலாம். சுற்றுலா வருமானமோ தொழில் வளர்ச்சியோ அதற்குள் வராது. "வன உயிரினம்" என்ற சொல்லுக்கான விளக்கத்தில் நீர்த்தாவரங்களும் உண்டு, "வாழிடம்" என்பதில் தண்ணீரும் உண்டு. ஆகவே கடலடிப் புல்லான கடல்தாழையின் படுகையை இழுவைமடி வலை உழுதுபோட்டாலும் அது இந்தப் பிரிவுக்குள் வரும். 2008-இல் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்ததாகப் பதிவான கப்பாபைகஸ் என்ற அயல் பாசியையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வாழிடத்தைக் கெடுப்பது வலையாகவோ வெடியாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆவுளியா (கடற்பசு), கடல் ஆமை, கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் போன்றவை இந்தச் சட்டத்தின் அட்டவணை 1-இல் இருப்பதால், பூங்காவுக்கு வெளியே பிடித்தாலும் குற்றமே. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். பூங்காவுக்குள் வேட்டையாடினாலும் இதே அளவுதான். குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களை 54-ஆவது பிரிவின் கீழ் பணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாது. அப்படி முடித்த கோப்பு எதையாவது கண்டால் அதுவே தனி மனுவுக்கு உரிய விஷயம்.

மீன்வளத்துறை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 இவர்களுடையது. படகுப் பதிவு, உரிமம், கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்குதல், இரட்டைமடி போன்ற தடைசெய்த முறைகள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் எல்லாம் இவர்கள் கையில். கரைக்குத் திரும்பும் படகைத் துறைமுகத்திலேயே சோதிக்க இவர்களால் முடியும். கடலில் துரத்திப் பிடிப்பதைவிட இது எளிது, பலனும் அதிகம். மனுவில் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மாவட்ட ஆட்சியர். இவருடைய பங்கைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பூங்கா எல்லைக்குள் மக்களுக்குள்ள உரிமைகளை விசாரித்துத் தீர்வு செய்ய வேண்டியவர் இவர். மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவின் தலைவரும் இவரே. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அந்தக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார், கடைசிக் கூட்டம் எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.

மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். தேசியப் பூங்கா, பவளப்பார், கடல்தாழைப் படுகை, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை மிக உயர்ந்த பாதுகாப்புள்ள 1ஏ மண்டலம். அங்கே கட்டடமோ கடல் நிரப்பலோ நடந்தால் நிறுத்தும் அதிகாரம் இந்த ஆணையத்துக்கு உண்டு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இன் 5-ஆவது பிரிவு வழியாக. 2024 ஏப்ரல் முதல் அந்தச் சட்டத்தில் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை. மீறியது அரசுத்துறையே என்றால் 17-ஆவது பிரிவின்படி துறைத்தலைவர் தன் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தண்டமாகக் கட்ட வேண்டும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ உரிய கவனம் எடுத்துக்கொண்டதாகவோ நிரூபித்தால் மட்டும் விலக்கு. துறைத்தலைவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டால் "தெரியாது" என்ற கதவு மூடிவிடும். மனுவின் நகல் அவருக்கும் போக வேண்டியது இதனால்தான்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கழிவுநீர் வெளியேற்ற நீர்ச் சட்டம் 1974-இன் 25-ஆவது பிரிவின்படி ஒப்புதல் வேண்டும். நகராட்சிகளும் இதற்குள் அடக்கம். இதில் ஒரு நுணுக்கம்: அந்தச் சட்டத்தில் கடல், மாநில அரசு அறிவிக்கும் அளவுக்குத்தான் "நீரோட்டம்" ஆகும். அதனால் சுத்திகரிக்காத கழிவுநீரைத் தடைசெய்யும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

கடலோரக் காவல்படையும் மரைன் போலீஸும். கடலோரக் காவல்படைச் சட்டம் 1978-இன் 14-ஆவது பிரிவு, கடல் சூழலைக் காப்பதையும் மாசைத் தடுப்பதையும் அந்தப் படையின் கடமையாகவே எழுதியிருக்கிறது. வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தம் இன்னொரு படி போய், உதவி கமாண்டன்ட் பதவிக்குக் குறையாத கடலோரக் காவல்படை அதிகாரிக்கு 50-ஆவது பிரிவின் கீழ் சோதனை, பறிமுதல் அதிகாரம் கொடுத்தது. போலீஸில் சார்பு ஆய்வாளருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அந்த அதிகாரம் ஏற்கெனவே உண்டு. "வனத்துறைதான் வரவேண்டும்" என்ற பதிலை இனி ஏற்கத் தேவையில்லை. உடனடித் தகவலுக்குக் கடலோரக் காவல்படை 1554, மரைன் போலீஸான கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

எண்ணெய்க் கசிவு என்றால் துறைமுக எல்லைக்குள் துறைமுக ஆணையம், வெளியே கடலோரக் காவல்படை, கரையில் ஒதுங்கியதை அகற்றுவது மாநில அரசு.

படி 3: ஆதாரம் சேர்ப்பது

முதலில் செய்யக் கூடாதவை. படம் எடுக்கவென்று அனுமதியில்லாமல் தீவில் இறங்காதீர்கள். அதுவே வன உயிரினச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின் மீறல், புகார்தாரரே எதிரியாகிவிடுவார். செத்த பவளத்துண்டு, கடல் அட்டை, ஆமை ஓடு எதையும் சான்றுக்காக வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 39-ஆவது பிரிவின்படி அவை அரசுச் சொத்து. வலையோடு கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

செய்ய வேண்டியவை: தேதி, நேரம், ஜிபிஎஸ் திரைப் படம், ஆழம், வெள்ளமா வற்றா, படகின் பதிவெண், படகில் எத்தனை பேர், என்ன மடி, எந்தத் திசையில் இழுத்தது. பதிவெண் தெரியாவிட்டால் அணியத்தின் (படகின் முன்பகுதி) நிறம், அறையின் அமைப்பு. ஒரே படத்தில் படகும் அதற்குப் பின்னால் அடையாளம் தெரியும் தீவும் அல்லது கலங்கரை விளக்கமும் இருந்தால் அந்தப் படம் பத்துப் படத்துக்குச் சமம். படகை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் எந்தக் கடலிலும் எடுத்திருக்கலாம்.

படங்களை வாட்ஸாப்பில் அனுப்பினால் கோப்பில் பதிந்த நேரமும் இடமும் கழன்றுவிடும். மூலக்கோப்பை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். நகலை டேட்டா கேபிள் வழியாக எடுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் 63(4) பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கருவியின் பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும் என்பதால், யார் போனில் எடுத்தது என்பதை அன்றே எழுதிவையுங்கள்.

பவளம் வெளுப்பதைப் படம் எடுத்து விதிமீறல் மனுவில் சேர்க்காதீர்கள். கடல் சூடாவதற்கு எந்த வனச்சரகரும் பொறுப்பில்லை. வலுவான புகாரை அது நீர்த்துப்போக வைக்கும்.

படி 4: மனு

ஒரு மனுவில் ஒரு சம்பவம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அமைப்பு இப்படி இருக்கட்டும்:

"பொருள்: ___ தீவின் தென்புறம், பூங்கா எல்லைக்குள் இழுவைமடி, நாள் ___.

1. நடந்தது: ___ அன்று காலை ___ மணிக்கு, ___ வடக்கு, ___ கிழக்கு, ஆழம் ___ மீட்டர், பதிவெண் ___ கொண்ட விசைப்படகு கடல்தாழைப் படுகையில் மடி இழுத்தது. படங்கள் இணைப்பு 1 முதல் 4 வரை.

2. வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு: இது 35(6) பிரிவின் மீறல். குற்ற எண் பதிந்து, அந்த எண்ணைத் தெரிவிக்கக் கோருகிறோம்.

3. மீன்வளத்துறை உதவி இயக்குநர் அவர்களுக்கு: 1983 சட்டத்தின் கீழ் படகின் உரிமம் மீது நடவடிக்கை எடுத்து, ஆணையின் நகலைத் தரக் கோருகிறோம்.

4. மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு: இரு துறைகளும் சேர்ந்து 15 நாளுக்குள் கூட்டுப் புலத்தணிக்கை செய்ய உத்தரவிடக் கோருகிறோம்."

மூவருக்கும் ஒரே தாளை அனுப்புவதில் நோக்கம் உண்டு. தனித்தனி மனு அனுப்பினால் ஒருவர் மற்றவருக்கு மாற்றிவிடுவார். ஒரே தாளில் அவரவர் கடமை அவரவர் பெயருக்கு எதிரே இருந்தால் மாற்றிவிட இடமில்லை. "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்ற வாக்கியத்தை எழுதவே எழுதாதீர்கள். குற்ற எண், ஆணை நகல், தணிக்கை அறிக்கை என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் ஒப்புகையோடு விரைவு அஞ்சல். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மீனவர் குறைதீர் நாளிலோ கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கிராம சபைத் தீர்மானம் ஒன்றை இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தனிநபர் பகை என்ற பேச்சு அதோடு எழாது.

படி 5: தகவல் அறியும் உரிமை

மனு கொடுத்த அதே வாரத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு இதையும் போடுங்கள். மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. கேட்க வேண்டியவை: நடைமுறையில் உள்ள மேலாண்மைத் திட்டத்தின் நகல், ஒப்புதல் தேதியோடு. சரகவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும். சம்பவம் நடந்த மாதத்துக்கான ரோந்துப் படகின் பயணப் பதிவேடு. அதே மாதத்து டீசல் ரசீதுகள். கடந்த 3 ஆண்டுகளின் வன உயிரினக் குற்றப் பதிவேடு, அதில் எத்தனை நீதிமன்றம் போயின, எத்தனை பணம் கட்டி முடிக்கப்பட்டன.

பதிவேட்டையும் டீசல் ரசீதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரோந்து 20 நாள் என்று எழுதி, டீசல் 4 நாளுக்குத்தான் வாங்கியிருந்தால், அந்த இரண்டு தாள்களும் எந்த வழக்கறிஞரின் வாதத்தையும்விட உரக்கப் பேசும். எதிர்மாறாகவும் நடக்கும்: படகு பழுதாகி, எரிபொருளுக்குப் பணம் வராமல், சரகர் மேலே எழுதிய கடிதங்கள் கோப்பில் கிடக்கும். அப்போது கடமை தவறியது களத்தில் இருப்பவர் அல்ல, நிதி ஒதுக்காத மேலிடம். மனுவின் முகவரியை அதற்கேற்ப மாற்றுங்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைத் தவிருங்கள். ஆவணத்தைக் கேளுங்கள், காரணத்தைக் கேட்காதீர்கள். வேறு அலுவலகத்தில் உள்ள தகவல் என்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

படி 6: எந்த நீதிமன்றம், எத்தனை நாள்?

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கும் சட்டங்களின் பட்டியலில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், நீர்ச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம் ஆகியவை உண்டு. கழிவுநீர், கட்டுமானம், கடல் நிரப்பல் என்றால் தீர்ப்பாயம். கடல் அட்டை வேட்டை, 35(6) மீறல் என்றால் வேறு வழி. இரண்டையும் கலந்து தீர்ப்பாயத்தில் போட்டால் அதிகார வரம்பு பற்றிய வாதத்திலேயே மாதங்கள் கரையும்.

தீர்ப்பாயத்தில் 14-ஆவது பிரிவின் மனுவுக்குக் காலம், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடையாது. தகவல் உரிமைப் பதிலும் முதல் மேல்முறையீடும் சேர்ந்து மூன்றரை மாதம் வரை விழுங்கும். அதைக் கழித்தால் கையில் நிற்பது இரண்டரை மாதம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15-ஆவது பிரிவுக்கு 5 ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

வன உயிரினக் குற்றத்துக்கு, வனத்துறை வழக்குத் தொடுக்காவிட்டால் நீங்களே நீதித்துறை நடுவரிடம் புகார் கொடுக்கலாம். 55-ஆவது பிரிவு அந்த உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. நிபந்தனை: குற்றத்தையும் புகார் கொடுக்கும் எண்ணத்தையும் தெரிவித்து 60 நாள் முன்னறிவிப்பு. 1995-ஆம் ஆண்டு விதிகளில் இதற்குப் படிவம் உண்டு. வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பி, பிறகு முறைப்படி இல்லை என்று தள்ளப்படுவதைத் தவிர்க்க அந்தப் படிவத்தையே பயன்படுத்துங்கள். நடைமுறையில் இந்த முன்னறிவிப்பு போன பிறகுதான் பல கோப்புகளுக்கு உயிர் வரும்.

அதிகாரி தன் கடமையைச் செய்யவில்லை என்பதே குறை என்றால், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் பேராணை மனு. நீதிமன்றம் மூன்றைத் தேடும்: சட்டத்தில் எழுதிய கடமை, அதைச் செய்யும்படி நீங்கள் எழுத்தில் கேட்டது, அவர் மறுத்தது அல்லது மௌனமாக இருந்தது. படி 4-இல் சொன்ன மனு இரண்டாவதற்கும், அதற்குப்பின் ஓடிய நாட்கள் மூன்றாவதற்கும் சான்று. சட்டம் "செய்யலாம்" என்று சொல்லும் இடத்தில் நீதிமன்றம் கட்டளையிடத் தயங்கும், "செய்ய வேண்டும்" என்று சொல்லும் இடத்தில் தயங்காது. உங்கள் பிரிவுகளை அப்படிப் பிரித்து வையுங்கள். இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறது என்று கமல்நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் சொன்னதும் இங்கே துணைக்கு வரும்.

புதிய திட்டங்கள் வரும்போது

பூங்காவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் திட்டம், மாநில அளவில் முடிக்கக்கூடிய வகையாக இருந்தாலும் பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதிக்கு மத்திய அளவில் பரிசீலிக்கப்பட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவது மட்டும் போதாது. எழுதிக் கொடுங்கள், முத்திரை வாங்குங்கள், முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். உங்கள் கருத்து அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், காரணத்தோடு மேலும் 60 நாள். பூங்காவின் எல்லையையே மாற்ற வேண்டுமென்றால் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் முடியாது.

பாக் விரிகுடா வேறு கணக்கு

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் 36ஏ பிரிவின் கீழ் வருகிறது. அங்கே 35(6) பொருந்தாது, நுழைவதற்கே தடை என்ற விதியும் இல்லை. உள்ளூர் மக்களைக் கலந்து அறிவிப்பதும், மேலாண்மைக் குழு அமைப்பதும் அங்குள்ள கடமைகள். மன்னார் வளைகுடாவுக்கு எழுதிய மனுவை ஊர்ப் பெயர் மாற்றி அங்கே அனுப்பாதீர்கள்.

மீனவரைக் காப்பதும் அதே சட்டத்தின் கடமை

கடற்பகுதியைப் பூங்காவில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 26ஏ பிரிவு சொல்கிறது. 35-ஆவது பிரிவு அதைத் தேசியப் பூங்காவுக்கும் கொண்டுவருகிறது. படகுகள் தீங்கின்றிக் கடந்துபோகும் உரிமையும் அதில் காக்கப்பட்டிருக்கிறது. பாசி எடுக்கும் பெண்ணின் கூடையைப் பறிப்பது எளிது, இரவில் மடி இழுக்கும் விசைப்படகை மறிப்பது கடினம். எளிதானதை மட்டும் செய்யும் நிர்வாகம் இந்தச் சட்டத்தின் பாதியைத்தான் நிறைவேற்றுகிறது. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட ஊர்க் கட்டுப்பாடுகளை எழுத்தில் வைத்து மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கக் கோருங்கள். தொழில் நலனுக்காக என்ன ஏற்பாடு, எந்த ஆண்டு, எவ்வளவு நிதி என்பதையும் தகவல் உரிமைக் கேள்வியில் ஒரு வரியாகச் சேருங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவு கிடைத்ததும் சான்றிட்ட நகலை எடுத்து, அதில் பெயர் குறிப்பிட்ட ஒவ்வொரு அதிகாரிக்கும் நீங்களே அனுப்புங்கள். நீதிமன்றத்திலிருந்து போகட்டும் என்று விடாதீர்கள். நகல் சேர்ந்த தேதியிலிருந்துதான் அவர்களுக்கான கெடு ஓடும். பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு நிறைவேறவில்லையென்றால் அங்கேயே நிறைவேற்ற மனு போடலாம், சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குள்ள வலிமை அதற்கு உண்டு. உயர்நீதிமன்ற உத்தரவு மீறப்பட்டால் அவமதிப்பு மனு, மீறல் நடந்த ஓர் ஆண்டுக்குள். இதற்கிடையே அதிகாரி மாறுதலாகிப் போவார். புதியவர் பொறுப்பேற்ற வாரத்திலேயே அதே நகலை அவர் பெயருக்கும் ஒப்புகையோடு அனுப்பி, அந்த ஒப்புகையைக் கோப்பில் சேருங்கள்.